வங்கி கைவிரித்த வெள்ளிக்கிழமை

பதுளையில் எங்கள் கணக்கு இருந்த வங்கிக்கு வெள்ளிக்கிழமைதோறும் நான் போவேன். கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு என்னை நன்றாகத் தெரியும். செக்கை நீட்டினால், "இன்னைக்கும் மடுல்சீமைக்கா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே நோட்டுகளை எண்ணும் மெஷினில் வைக்கும். அன்று அது எதுவும் கேட்கவில்லை. கணினியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடியும் கணினியைப் பார்த்தது.

"அக்கா, கணக்குல காசு இல்லியே."

"தெரியும் பிள்ள. ஓடியில இருந்து எடுங்க."

"ஓடி காட்டல அக்கா."

ஓவர்டிராஃப்டை எங்கள் பக்கத்தில் யாவாரம் செய்கிறவர்கள் எல்லோரும் ஓடி என்றுதான் சொல்வார்கள். கணக்கில் காசு இல்லாவிட்டாலும் வங்கி ஒத்துக்கொண்ட எல்லை வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த நாட்களுக்கு வட்டி கட்ட வேண்டும். எங்கள் தொழிலே அதன் மேல்தான் நின்றது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலங்களில் போஞ்சி, கோவா, தக்காளி, கறிமிளகாய் போடுகிற குடும்பங்களிடம் காய்கறி வாங்கி, லொறியில் கொழும்புக்கு அனுப்புவோம். தோட்டத்து ஆட்களுக்கு மூட்டையை நிறுத்தவுடன் கையில் காசு கொடுக்க வேண்டும். கொழும்பு மொத்த வியாபாரியோ இரண்டு மூன்று வாரம் இழுத்துவிட்டுத்தான் செக் தருவார். நடுவில் இருந்த அந்த இடைவெளியை ஓடிதான் அடைத்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷத்தைக்கூட அப்படித்தான் தாண்டி வந்தோம். இது அதற்கு அடுத்த வருஷம். கஷ்டமெல்லாம் பின்னால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

மெனேஜர் உள்ளே கூப்பிட்டார். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், சின்ன வயது. எதிரில் இருந்த டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சிங்களத்தில் மெதுவாகப் பேசினார்.

"உங்கள் ஓடி வசதியை எடுத்துவிட்டார்கள்."

"யார் எடுத்தது?"

"தலைமைக் காரியாலயம். சின்ன வியாபாரங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். உங்களை மட்டும் இல்லை."

"ஏழு வருஷமாக ஒரு செக்கும் திரும்பியதில்லையே சேர்."

"தெரியும். நான் பார்த்தேன்."

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"கடிதம் தபாலில் போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். அது ஒரு பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கொழும்பு வியாபாரியின் செக்கை நான் புதன்கிழமை போட்டிருந்தேன். அந்தக் காசாவது இருக்குமே என்று கேட்டேன். அது வந்தவுடன் ஓடிக் கடனில் கழிந்துவிட்டது என்றார். மிச்சத்தை மாதாமாதம் கட்டுவதற்கு ஓர் ஏற்பாடு செய்து தரலாம் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. இந்த நேரத்தில் மடுல்சீமைச் சந்தியில் என் வீட்டுக்காரர் லொறியை நிறுத்தித் தராசை மாட்டியிருப்பார், ஆட்கள் மூட்டைகளைத் தோளில் வைத்து இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தது.

வெளியே வந்து அவருக்குப் போன் எடுத்தேன். கிடைக்கவில்லை. அங்கே கோயில் வளைவில் நின்றால்தான் சிக்னல் வரும். லொறிக்குப் பக்கத்தில் இருப்பவர் அங்கே போய் நிற்க மாட்டார்.

பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். நான் வராவிட்டால் எனக்கு என்னமோ ஏதோ என்று நினைத்து அவர் ஆட்களிடம் சமாதானம் சொல்லி, மூட்டைகளோடு வந்துவிடுவார். பிறகு எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் நானும் அதே பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். காசு வரும் என்று காத்திருக்கும் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பசறை வழியாகப் போகும் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அந்தப் பாதையில் பஸ் ஊர்ந்துதான் போகும். மழை அரித்த இடங்களில் டிரைவர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, பிறகு எடுப்பார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஆஸ்பத்திரி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி என் தோளில் விழுந்தார். நான் ஓடி எடுத்த முதல் வருஷத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதிருந்த மெனேஜர் வயதானவர், எங்கள் வாடகை வீட்டுக்கே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, லொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எங்களுக்கு ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு வாரா வாரம் எடுத்து, வாரா வாரம் கட்டி, அந்தக் காசு எங்களுடையது இல்லை என்பதே மனதில் நிற்காமல் போய்விட்டது.

சந்தியில் இறங்கியபோது மூட்டைகளில் முக்கால்வாசி லொறிக்குள் ஏறியிருந்தன. பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் சிலர் தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு பொய்யை யோசிப்போம் என்று தோன்றியது. அதனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"பேங்க்ல காசு குடுக்கல. ஓடிய நிப்பாட்டிட்டாங்க. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். கையில பஸ் காசு தவிர ஒன்னும் இல்ல."

பின்னாலிருந்து ஒரு மனிதர், "அப்ப அடுத்த வாரம் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தர்றேன்னு சொல்ல வாய் வருது அண்ண. தர முடியுமான்னு தெரியல. தெரியாததச் சொல்லி உங்க மூட்டைய ஏத்திக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல."

அப்போதுதான் உயரமான ஓர் அம்மா முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஆண்களைவிடவும் ஒரு பிடி உயரம். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். புருஷன் இடுப்பு முடியாமல் வீட்டிலிருக்கிறார். மகள் பதுளையில் தங்கிப் படிக்கிறாள். அவருடைய போஞ்சிதான் எப்போதும் முதல் தரம். அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. தராசு முள்ளை மட்டும் குனிந்து பார்ப்பார்.

"அப்பன்னா எங்க மூட்டைய எறக்கச் சொல்லுங்க" என்றார்.

"அக்கா..."

"கோவமில்ல தங்கச்சி. திங்கக்கிழமை மகளுக்குக் காசு அனுப்பணும். உங்க பேங்க் உங்களுக்குச் செஞ்சத நீங்க எனக்குச் செய்யாதீங்க."

என் வீட்டுக்காரர் லொறியில் ஏறி அந்த அம்மாவுடைய மூன்று மூட்டைகளையும் இறக்கி வைத்தார். அதைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் தங்களுடையதையும் கேட்டார்கள். அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளையில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மூட்டைகள் ரோட்டோரத்தில் வரிசையாகக் கிடந்தன. இறக்கிய பிறகுதான், இனி இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எல்லோருக்கும் வந்தது. பறித்த போஞ்சி எத்தனை நாள் தாங்கும்? வேறு யாவாரிகளின் லொறி அடுத்த வார நடுவில்தான் அந்தப் பக்கம் வரும். வந்தாலும் வாடின காய்க்கு அவர்கள் வைப்பதுதான் விலை. உயரமான அம்மா தன் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நானே பதுளைக்குக் கொண்டுபோய் வித்துக்கிறேன்."

"எதுல கொண்டு போவ?" என்றார் அடுத்த வாரத்தைப் பற்றிக் கேட்ட அந்த மனிதர்.

"காலையில பஸ்ல."

"மூணு மூட்டைய ஏத்துனா கண்டக்டர் ஒன்ன எறக்கிட்டு மூட்டையத்தான் கூட்டிக்கிட்டுப் போவான்."

சிலர் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு திரும்பி லொறியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி, டயரிலிருந்து தார்ப்பாய் வரை மெதுவாகப் பார்த்தார்.

"இந்த லொறி எப்படியும் பதுளைக்குத்தானே போவணும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஆமாங்க. வீடு அங்கதானே."

"வெறுமனயா போவும்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

"என் மூட்டையோட நானும் வருவேன்" என்றார் அந்த அம்மா. "வித்த காசு மொதல்ல என் கைக்கு வரணும். அதுலருந்து லொறிக்கு என்ன உண்டோ அதத் தர்றேன். ஒரு நாள் பேரு போனா போவட்டும்." ஒரு நாள் கூலியைத்தான் தோட்டத்தில் பேர் என்று சொல்வது.

அதன் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எல்லோரும் வர முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் மாதச் சம்பளத்தில் அடி விழும். அந்த அம்மாவோடு இன்னும் இரண்டு பெண்கள் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் மூட்டைகளை அந்த மூன்று பேரிடமும் ஒப்படைத்தார்கள். என்னிடம் இல்லை, அவர்களிடம். அது எனக்கு உறுத்தியது. ஆனால் மூட்டைகள் மறுபடியும் லொறிக்குள் ஏறின. நாலு பேர் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அன்றிரவு என் அண்ணன் வீட்டில் தங்கினோம். விடியற்காலை, தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். மூன்று பெண்களும் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே. நானும் அவரும் முன்னால். பசறையைத் தாண்டினோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "லொறிய வித்துருவோமா?" என்றார்.

"இப்ப ஏன் அந்தப் பேச்சு?"

"பேங்க் கடனக் கட்டிட்டு நான் யாருக்காவது சாரதியாப் போறேன். நீயும் நிம்மதியா இருக்கலாம்."

அந்த லொறியை வாங்குவதற்காக அவர் நாலு வருஷம் கட்டாரில் இருந்தவர். கழுவும்போதுகூட வேறு யாரையும் கிட்ட விட மாட்டார். அவர் வாயாலேயே இதைச் சொல்கிறார் என்றால் இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். "இன்னைக்கு முடியட்டும்" என்றேன். பின்னால் மூன்று பெண்களும் ஏதோ கதைத்துச் சிரிப்பது கேட்டது.

பதுளைச் சந்தைக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தி இரண்டு மூட்டைகூட இறக்கவில்லை, ஓர் ஆள் வந்துவிட்டார். இடத்துக்குக் குத்தகைக் காசு கட்டினவர்கள் இருக்கிறார்கள், இங்கே போட ஏலாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ரோட்டோரத்தில் போட்டால் மாநகரசபை ஆட்கள் வருவார்கள். லொறியை மெதுவாகக் கடைத்தெருப் பக்கம் விட்டோம். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரை எங்களுக்குப் பல வருஷமாகத் தெரியும், நானா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பிலிருந்து வரும்போது லொறி காலியாக இருந்தால் அவருடைய வெங்காயம், பருப்பு மூட்டைகளை ஏற்றி வருவோம். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். லொறிக்குள்ளிருந்து மூன்று பெண்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு எழுந்து வந்தார்.

"என்ன தங்கச்சி, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி ஆள் ஏத்திக்கிட்டு?"

நடந்ததைச் சொன்னேன். ஓடி என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் கையை உயர்த்தினார்.

"எனக்குச் செவ்வாக்கிழமயே வெட்டிட்டான். சீனிக்கிக் குடுத்த செக் திரும்பி, அந்த மனுஷன் போன்ல ஏசின ஏச்சிலதான் எனக்கே விளங்கிச்சி. உள்ளுக்கு வந்து பாருங்க."

உள்ளே பாதித் தட்டுகள் காலியாக இருந்தன. அவருக்கு முதலில் சாமான் தந்துவிட்டுப் பிறகு காசு வாங்கிய கம்பனிகள் எல்லாம் இப்போது கையில் காசு வைத்தால்தான் இறக்குகிறார்களாம். கடைக்கு முன்னால், வாசலின் இரண்டு பக்கமும், மா மூட்டையும் தேங்காயும் அடுக்கி வைத்திருக்கும் இடம் வெறும் தரையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "இதுல போடுங்க. இது எண்ட எடம், ஒருத்தனும் வந்து கேக்க மாட்டான். சும்மா கெடக்கிற எடம்தானே. மரக்கறி வாங்க வார சனம் உப்பும் தேயிலையும் எண்ட கடையில வாங்கிட்டுப் போகட்டும்."

சாக்கை விரித்து மூட்டைகளைக் கொட்டினோம். நானும் என் வீட்டுக்காரரும் இத்தனை வருஷம் மூட்டைக் கணக்கில் விற்றவர்கள். ஒரு கிலோ, அரைக் கிலோ என்று மனிதர்களின் முகத்தைப் பார்த்து விற்றதில்லை. முதலில் வந்த ஒரு பெண் காயைக் கிளறிப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டாள். நான் தடுமாறினேன். உயரமான அம்மா ஒரு போஞ்சியை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். டக்கென்று சத்தம் கேட்டது.

"நேத்துப் பறிச்சது. நானே நட்டு, நானே பறிச்சது. கடையில இந்தச் சத்தம் கேக்குமா?"

தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்கிறவள். ஒரு கிலோ வாங்கியவள், சிறிது நேரத்தில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை ஆதலால் டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார், காரியாலய ஆட்கள் என்று சனம் சேர்ந்தது. அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் ஒரு போஞ்சியை ஒடித்துக் காட்டினார். ஒடித்த துண்டுகளை வீணாக்காமல் பக்கத்தில் ஒரு சட்டியில் போட்டுக்கொண்டார். விலையைக் குறைக்கக் கேட்டவர்களிடம் அவர் கோபப்படவில்லை. "குறைக்கிறேன் அம்மா, நீங்க ஒரு நாளைக்கு வந்து எங்க மேட்டுல தண்ணி தூக்கி ஊத்துங்க" என்பார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

ஒரு விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இங்கே தரையில் விரித்து விற்ற விலை, கொழும்புக்காரர் எங்களுக்குத் தந்த விலையைவிட எவ்வளவோ கூட. அதே நேரம், கடைகளில் சனம் கொடுத்ததைவிடக் குறைவு. இத்தனை வருஷம் காயை மலையிலிருந்து இறக்கி, பதுளை வழியாகக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். பதுளைக்காரர்கள் வேறு எங்கிருந்தோ வந்த வாடின காயை வாங்கிச் சமைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் ஆகும்போது கோவா மட்டும்தான் மிஞ்சியது. நானா தெருக்கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தன் மச்சானைக் கூப்பிட்டு அதையும் எடுக்க வைத்தார். உயரமான அம்மா மடியில் முடிந்திருந்த காசை எடுத்து, மூட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டினார். கடைசியில் என் வீட்டுக்காரரிடம் வந்து லொறிக்கு உள்ளதை நீட்டினார். அவர் வாங்கத் தயங்கினார்.

"புடிங்க தம்பி. சும்மாவா கூட்டிட்டு வந்தீங்க? அடுத்த சனிக்கிழமையும் லொறி வரணும்ல."

அடுத்த சனிக்கிழமை என்று அவர் சொன்னதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு டயரைப் பார்க்கிற மாதிரி நின்றார். லொறியை விற்கும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

வங்கியின் கடிதம் அடுத்த வாரம்தான் வந்தது. மிக மரியாதையான கடிதம். எங்கள் நீண்டகால உறவுக்கு அதில் நன்றி சொல்லியிருந்தார்கள். நான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். கோபம் இல்லாமல் இல்லை. கடிதத்தை ஒரு வாரம் முன்னால் அனுப்பியிருந்தால் அந்தச் சந்தியில் நான் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை. அந்த மெனேஜர் சொன்னபடி மாதத் தவணை போட்டுத் தந்தார், வட்டியில் கொஞ்சம் குறைக்கவும் எழுதிக் கேட்டார். கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஐப்பசி மழையில் ரோடு சரிந்து மூன்று வாரம் லொறி ஏற முடியாமல் போனது. தக்காளி முழுவதும் அழுகியது. கைக்காசு தருகிற ஒரு யாவாரியிடம் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. ஒரு சனிக்கிழமை மழையில் ஒருவரும் கடைத்தெருவுக்கே வரவில்லை; கொண்டுவந்த கறிமிளகாயில் பாதியை நானா தன் செலவில் ஊறுகாய் போடச் சொல்லி வீட்டில் கொடுத்தார். அந்த ஊறுகாய் விற்றது. இப்போதும் விற்கிறது. நானாவின் மனைவிதான் போடுகிறார், போத்தலுக்கு லேபல்கூட ஒட்டியாயிற்று. நானாவின் தட்டுகளும் மெல்ல மெல்ல நிரம்பின. கையில் இருக்கிற காசுக்கு மட்டும் சாமான் இறக்கப் பழகிவிட்டதாகச் சொல்வார். "முந்தி மாதிரி கட நெறஞ்சி இல்ல தங்கச்சி. ஆனா நெறஞ்சிருக்கிறது எண்ட சாமான்."

ஒருநாள் மெனேஜரும் வந்தார். சனிக்கிழமை, அரைக்கைச் சட்டையில், கையில் பை. என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு வந்து உட்கார்ந்து போஞ்சியைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் யார் என்று உயரமான அம்மாவுக்குத் தெரியாது.

"தம்பி, அப்படிக் கிளறாதீங்க. எல்லாமே நல்லதுதான். கண்ண மூடிக்கிட்டு அள்ளுங்க."

அவர் அப்படியே அள்ளினார். காசைக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து, "நன்றாகப் போகிறதா?" என்று கேட்டார்.

"போகிறது சேர்."

"அந்த வாரம் நாற்பது பேருக்கு மேல் என் அறைக்கு வந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் சத்தம் போடவில்லை. அதனால்தான் உங்கள் முகம் எனக்கு மறக்கவில்லை."

ஒரு கோவாவை எடுத்து அவர் பையில் வைத்தேன். அவர் அதற்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு அவர் யார் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, தெரிஞ்சிருந்தா வெலையக் கூட்டியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, "பாவம், சின்னப் பிள்ளையா இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடன் முடிந்த மாதம் வங்கியிலிருந்து போன் வந்தது. வட்டியெல்லாம் இறங்கிவிட்டதாம், விருப்பமென்றால் ஓடிக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாமாம். நானும் அவரும் அன்று சாயங்காலம் நெடுநேரம் பேசினோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வீம்புக்காக இல்லை. வந்த மாதிரியே ஒரு நாள் அது போகவும் கூடும்; அப்போது மறுபடியும் சந்தியில் பதினைந்து பேர் முன்னால் நிற்க என்னால் முடியாது. அதற்குப் பதிலாக, சனிக்கிழமை விற்பதில் ஒரு பங்கை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கி வைக்கிறோம். பிள்ளைக்கு நோய் வருத்தமோ செத்த வீடோ வந்தால், மழையில் காய் போய்விட்டால், அதிலிருந்து எடுக்கலாம். யார் எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்று ஆரம்பத்தில் பெரிய சண்டை. இப்போதும் நடக்கிறது. ஆனால் சண்டை எங்களுக்குள்ளே, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நடக்கிறது. யாரும் யாருக்கும் தபாலில் சொல்வதில்லை.

உயரமான அம்மா இப்போது கொழுந்துக்கு வாரத்தில் நாலு நாள்தான் போகிறார். மிச்ச நாள் மேட்டிலுள்ள தன் காய்கறி நிலத்தில். மகள் படிப்பு முடித்து, பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அங்கேயும் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதாம், வந்து பாருங்கள் என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை லொறியோடு என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆறு குடும்பங்கள் வந்து, தங்கள் கரட்டையும் லொறியில் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். இடம் இருக்காது என்றார் என் வீட்டுக்காரர். உயரமான அம்மா லொறிக்குள் ஏறி, குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார்.

"இப்படிப் பலகை அடிச்சா ரெண்டு தட்டா வைக்கலாம் தம்பி. நாங்க மேல உக்காந்து வாறோம்."

என் வீட்டுக்காரர் இன்று காலையிலிருந்து பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். வாசல் முழுக்க மரத்தூள். நாளைக்கு மடுல்சீமைக்குக் கிளம்புவதற்கு முன் கூட்ட வேண்டும்.